காயத்ரிக்கும் சரவணனுக்கும் எந்த எழுத்து? கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு ஸ்கிரிப்ட் ஃபான்டுகள்

தை மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம். கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கிற டி.டி.பி. வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே இருக்கும்போது பத்திரிகையை வெளியில் கொடுப்பார்களா? என்னிடம் வந்தது. தமிழ்ப் பக்கத்தில் நான் யோசிக்க ஒன்றும் இல்லை. தாத்தா சொல்லச் சொல்ல, யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பது வரைக்கும் சித்தப்பாவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆங்கிலப் பக்கத்தில்தான் ஒரு கேள்வி நின்றது. நடுவில் பெரிதாக வரப்போகிற காயத்ரி, சரவணன் என்ற இரண்டு பெயர்களை எந்த அலங்கார எழுத்தில் வைப்பது?

இந்தக் கேள்வியோடு கடைக்கு வருகிற எல்லோரும் திரையில் ஃபான்ட் பட்டியலை ஓட்டிப் பார்த்து, "இது அழகா இருக்கு, இதையே போடுங்க" என்பார்கள். அழகை அப்படித் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் என் அனுபவம். எந்தப் பெயர், எந்த அட்டை, எந்த அச்சு என்ற மூன்றும் சேர்ந்துதான் கையெழுத்துச் சாயலில் உள்ள ஒரு ஸ்கிரிப்ட் ஃபான்டை அழகாக்குகிறது, அல்லது கெடுக்கிறது. எங்கள் வீட்டு விஷயத்தில் அட்டை மெரூன் நிற ரெடிமேட் கார்டு. உள்ளே தங்க நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங். 600 பிரதிகள். அதே டிசைன் வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டே மானோடைப் கோர்சிவா, எட்வர்டியன் ஸ்கிரிப்ட், கிரேட் வைப்ஸ், ஸாஃபினோ என்ற நான்கையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன்.

ஒப்பிடுவதற்கு முன் பேனா பற்றிக் கொஞ்சம். ஐரோப்பியக் கையெழுத்து ஃபான்டுகளில் பெரும்பாலானவை இரண்டு பேனாக்களின் பிள்ளைகள். ஒன்று, முனை பட்டையாக வெட்டிய பேனா. அதைப் பிடிக்கிற கோணத்தால் கோடு தடிக்கும், மெலியும். ஆனாலும் மெலிந்த கோட்டுக்கும் ஓரளவு உடம்பு இருக்கும். இன்னொன்று, ஊசிபோல் கூர்முனையும் வளைந்து கொடுக்கும் தன்மையும் உள்ள பேனா. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை பிளந்து கோடு தடிக்கும். மேலே ஏற்றும்போது அழுத்தம் இல்லாததால் தலைமுடி அளவுக்கு மெலியும். கல்யாண அழைப்பிதழ் என்றதும் பலர் மனதில் வருகிற அந்த நளினமான தொடர் எழுத்து இந்த இரண்டாவது பேனாவில் பிறந்தது. அந்தத் தலைமுடிக் கோடுதான் அதன் அழகு. அச்சகத்தில் அதன் தலைவலியும் அதுவேதான்.

முதலில் மானோடைப் கோர்சிவா. இது பட்டை முனைப் பேனாவின் வழி. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் போப்பின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிகோ அரிகியின் சாய்வெழுத்தை அடிப்படையாக வைத்துப் பட்ரீஷியா சாண்டர்ஸ் வரைந்தது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு கணினிக்குள் வந்துவிடுவதால் நம் ஊரில் இது இல்லாத இடமே இல்லை. பள்ளிச் சான்றிதழ், புதுமனைப் புகுவிழா அழைப்பு, நினைவுக் கேடயம், எல்லாவற்றிலும் இருக்கிறது. இதன் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பெரிய எழுத்துகளுக்கு மட்டும் சின்னதாக ஒரு சுழிப்பு. யாரும் எழுத்துக்கூட்டித் தடுமாற மாட்டார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கோடும் உடையாது. எட்டு, ஒன்பது பாயின்ட் என்ற பொடி அளவில் கூடப் படிக்க வரும். இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் பெயருக்கு இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதே எழுத்தைத்தான் அந்தப் பெண் தன் கல்லூரிச் சான்றிதழிலும் பார்த்திருப்பாள். கல்யாணத்துக்கென்று ஒரு தனித்தன்மை வேண்டாமா?

அடுத்து எட்வர்டியன் ஸ்கிரிப்ட். எட் பெங்குயாட் 1994-இல் ஐ.டி.சி. நிறுவனத்துக்காக வரைந்தது. கூர்முனை எஃகுப் பேனாவின் நடையை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். மேக் கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் இருக்கிறது. சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய ஆங்கில எழுத்தாசானின் கையைப் பார்த்து மேத்யூ கார்ட்டர் 1960-களில் ஒளியச்சுக்காக (எழுத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கிற முறை) செய்தது. ஈய எழுத்து காலத்தில் இப்படிச் சாய்ந்து, ஒட்டி ஓடுகிற எழுத்தைச் செய்வது பெரும்பாடு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு உலோகக் கட்டையின் மேல் உட்கார வேண்டும். கட்டைக்கு வெளியே நீட்டுகிற வால் உடைந்துபோகும். ஒளியச்சு வந்த பிறகு கட்டையே இல்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ள முடிந்தது. இன்று நாம் சாதாரணமாக நினைக்கிற தொடர்ச்சிக்கு அப்படி ஒரு கதை உண்டு.

எட்வர்டியனில் இரண்டு பெயர்களையும் 40 பாயின்டில் அடித்துத் திரையில் பார்த்தபோது, நான்கிலும் இதுதான் உண்மையான கல்யாண எழுத்து என்று தோன்றியது. எழுத்துக்கு எழுத்து கை எடுக்காமல் எழுதிய ஓட்டம். ஒரே சாய்வு. தடித்த இறக்கத்துக்கும் மெலிந்த ஏற்றத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு. சித்தி பார்த்ததும், "இதுதாம்ப்பா" என்றார்.

அப்புறம் சாதாரணத் தாளில் கறுப்பில் ஒரு பிரின்ட் எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "இது யாருப்பா, சாயத்ரி?" என்றார். கூர்முனை எழுத்தில் பெரிய 'ஜி', 'எஸ்', 'எல்' மூன்றும் ஒரே மாதிரித் தலைச் சுழியோடு தொடங்கும். பழக்கப்பட்ட கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், புதிதாகப் பார்க்கிறவருக்குத் தெரியாது. 'ஐ' எது 'ஜே' எது, 'டி' எது 'எஃப்' எது என்பதும் இப்படித்தான். எங்கள் பத்திரிகையில் ஒரு பெயர் 'ஜி'யில் தொடங்குகிறது, இன்னொன்று 'எஸ்'ஸில். ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வரும்போது குழப்பம் இரட்டிப்பு. இளங்கோவையும் தென்மொழியையும் சேர்த்து ஒரு பத்திரிகை செய்ய வேண்டியிருந்தால் இந்த வகையைத் தொடவே மாட்டேன்.

படிப்பதைக்கூடச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அச்சு சமாளிக்காது. ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது ஒரு மெல்லிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளுவது. வலையின் இழைகளுக்கு நடுவில் உள்ள சின்னச் சின்னத் துளைகள் வழியாகத்தான் மை இறங்கும். தலைமுடிக் கோடு அந்த இழைகளின் மேல் விழுந்தால் அந்த இடத்தில் மை இறங்காது. கோடு புள்ளி புள்ளியாக உடையும். தங்க மையில் உலோகத் துகள் இருப்பதால் ரொம்ப நெருக்கமான வலையும் போட முடியாது, துகள் அடைத்துக்கொள்ளும். ஆக, மையும் பெருவெட்டு, வலையும் பெருவெட்டு, கோடு மட்டும் தலைமுடி. பல வருடம் முன் வேறு ஒரு வீட்டுக்கு இப்படி ஒன்று செய்து கொடுத்தேன். பெண்ணின் பெயரில் ஏறுகோடுகள் எல்லாம் காணாமல் போய், இறக்கக் கோடுகள் மட்டும் வேலிக்கம்பு மாதிரி நின்றன. 400 கார்டும் அப்படியே. மறுபடி அடிக்க நேரமும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து, அச்சு முறை என்னவென்று கேட்காமல் கூர்முனை எழுத்தை நான் பரிந்துரைப்பது இல்லை. வெள்ளை ஆர்ட் தாளில் ஆஃப்செட் என்றால் தயங்காமல் எட்வர்டியன். அடர் நிற அட்டையில் ஸ்கிரீன் என்றால் வேண்டாம்.

மினுங்கும் மெல்லிய தாளை ஒட்டுகிற ஃபாயில் அச்சும் கிட்டத்தட்ட இதே கதைதான். சூடான அச்சு ஃபாயிலை அட்டையில் ஒட்டும்போது மெலிந்த கோடு ஒட்டாமல் விட்டுப்போகும், சின்ன வளையத்தின் உள்பக்கம் அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பான அட்டையாக இருந்தால் இன்னும் மோசம்.

ஸாஃபினோவை மூன்றாவதாக எடுக்கிறேன். எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். ஜெர்மனியின் ஹெர்மன் ஸாஃப், இரண்டாம் உலகப்போரின்போது 1944-இல் தன் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிறையக் கைபோன போக்கில் எழுதி வைத்திருந்த எழுத்து இதன் விதை. கட்டைக்குள் அடங்காத வால்களும் கொம்புகளும் கொண்ட அதை ஈயத்தில் வார்க்க வழியில்லை. கணினி வந்து, ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற பிறகு 1998-இல் லைனோடைப் அதை வெளியிட்டது. அப்போது அவருக்கு எண்பது வயது. 26 வயதில் எழுதியது எண்பதில் ஃபான்டாக வந்தது. மேக் கணினிகளில் கூடவே வருகிறது. அதில் இந்த ஃபான்டைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரையே அடித்துப் பார்த்தால் ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே சித்திரமாக மாறிவிடும். கணினி வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினால் கைதட்டுவார்கள்.

ஸாஃபினோவில் காயத்ரியை அடித்தேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. 'ஒய்' கீழே இறங்கி வாலை வீசுகிறது, 'டி'யும் 'ஹெச்'சும் மேலே எழும்புகின்றன, முன்னால் 'ஜி' விரிந்து நிற்கிறது. பெயரே ஒரு கோலம். அடுத்து சரவணன். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒன்பது எழுத்து. முதல் 'எஸ்' தவிர மிச்சம் எட்டும் குட்டை எழுத்துகள். 'ஏ', 'ஆர்', 'ஏ', 'வி', 'ஏ', 'என்', 'ஏ', 'என்'. மேலே ஏறுவதற்கும் ஒன்று இல்லை, கீழே இறங்குவதற்கும் ஒன்று இல்லை. ஸாஃபினோவின் உயிர் முழுவதும் அந்த ஏற்ற இறக்கங்களில்தான் இருக்கிறது. குட்டை எழுத்துகள் சிறியவை, அடக்கமானவை. அதனால் சரவணன் ஒரு பெரிய 'எஸ்'ஸும் அதன் பின்னால் எறும்பு வரிசையும் மாதிரி ஆகிவிட்டார். பெண் பெயர் மாலை போட்டு நிற்க, மாப்பிள்ளை பெயர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. பத்திரிகையில் இது ஒத்துக்கொள்ளக்கூடிய விஷயமா? மாப்பிள்ளை வீட்டார் வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் படும்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும், 'ஏ'யும் 'என்'னும் 'எம்'மும் அவ்வளவு வரும். ரமணன், உமா, சுமன், நவீன், மாறன் எல்லாம் சமதரை. லக்ஷ்மி, கீர்த்தி, பிருந்தா, ஜெயஸ்ரீ எல்லாம் மேடு பள்ளம் உள்ள பெயர்கள். மீனாட்சிசுந்தரம் என்று 17 எழுத்தில் வந்தால் எந்த அலங்காரமும் வேண்டாம், அகலத்தில் அடங்கினாலே போதும். அதனால் ஃபான்டைத் தேடுவதற்கு முன் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, எந்த எழுத்து மேலே போகிறது, எது கீழே போகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு பெயரும் மேடு பள்ளத்தோடு இருந்து, அட்டையில் தாராளமாக இடமும் இருந்தால் ஸாஃபினோவுக்கு ஈடு கிடையாது. இடம் என்று அழுத்திச் சொல்கிறேன், வழக்கமான வரி இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். குறுக்கினால் மேல் வரியின் வால் கீழ் வரியின் கொம்பில் சிக்கும்.

நான்காவது கிரேட் வைப்ஸ். வாழ்த்து அட்டைகளுக்குப் பேர்போன ஹால்மார்க்கில் எழுத்து வரைபவராக இருந்த ராபர்ட் லூஷ்கேயின் வேலை. கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அச்சு வேலைக்கும் கடை வேலைக்கும் காசு கொடுக்காமல், பயமில்லாமல் பயன்படுத்தலாம். அதிகம் புழங்கும் ஃபான்ட் என்பதால் சிலருக்குச் சலித்திருக்கலாம். எட்வர்டியனின் கம்பீரம் இதில் இல்லை. ஆனால் எழுத்துகள் ஒட்டி ஓடுகின்றன. பெரிய எழுத்துகள் விரிந்து சுழன்றாலும் இன்ன எழுத்து என்று அடையாளம் தெரிகிறது. முக்கியமாக, மெலிந்த கோடு தலைமுடி அளவுக்குப் போகாமல் ஓரளவு தேறுகிறது. சரவணனில் குட்டை எழுத்துகள் எட்டும் கைகோத்துக்கொண்டு ஒரே அலையாக ஓடுவதால் வெறுமை தெரியவில்லை. காயத்ரி ஸாஃபினோவில் இருந்த அளவுக்கு ஆடவில்லைதான். ஆனால் இரண்டு பெயரும் சமமாக நின்றன.

தாத்தா தடுமாறாமல் படித்தார். பெயர்களுக்கு கிரேட் வைப்ஸ் என்று முடிவு செய்தோம்.

பெயர்களுக்கு மட்டும் என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், அலங்கார எழுத்து ஒன்று கிடைத்ததும் பக்கம் முழுவதும் அதிலேயே அடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெயருக்குக் கீழே பி.இ., எம்.பி.ஏ. என்று படிப்பு வரும். பெயருக்கு முன்னால் இனிஷியல் வரும். எல்லாம் பெரிய எழுத்துகள். ஸ்கிரிப்ட் ஃபான்டில் பெரிய எழுத்து என்பது வரிசையின் தலையில் தனியாக நிற்கவென்று வரைந்தது. அதை இரண்டு மூன்று சேர்த்து அடித்தால் ஒவ்வொரு சுழிப்பும் பக்கத்துச் சுழிப்போடு மோதி, முடிச்சு விழுந்த நூல் மாதிரி ஆகும். பையன் எம்.இ. படித்தானா எம்.எஸ். படித்தானா என்று யாருக்கும் தெரியாது. படிப்பு, இனிஷியல், பெற்றோர் பெயர், மண்டப முகவரி, முகூர்த்த நேரம், போன் எண் எல்லாவற்றையும் கரமாண்ட் மாதிரி ஒரு சாதாரண ரோமன் எழுத்தில் வைத்துவிட்டேன். சுற்றிலும் அமைதியாக இருந்தால்தான் நடுவில் உள்ள இரண்டு பெயரும் எடுத்துத் தெரியும்.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்குச் சில கைவேலைக் குறிப்புகள். ஒட்டி ஓடும் ஸ்கிரிப்டில் எழுத்து இடைவெளியை ஒருபோதும் கூட்டாதீர்கள், கைகோத்தவர்கள் பிரிந்துவிடுவார்கள். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகு பெயரைப் பெரிதாக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் சில சமயம் வெள்ளையாக ஒரு சின்ன ஓட்டை விழும். எழுத்துகளை வெல்ட் செய்தால், அதாவது ஒரே வடிவமாக ஒட்டிவிட்டால், அது போய்விடும். ஃபாயில் பிளாக்குக்கோ கட்டிங்குக்கோ அனுப்பும்போது வெல்ட் செய்ய மறக்கவே கூடாது. கோடு போதாது என்று தோன்றினால் அதே நிறத்தில் மிக மெல்லிய அவுட்லைன் ஒன்று கொடுக்கலாம். எங்கள் கார்டில் கொடுத்தேன். எழுத்தின் மாற்று வடிவங்கள் வேண்டும் என்றால் பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் வராது. கோரல்டிரா எக்ஸ்6-இலிருந்து வருகிறது. வேர்டில் 2010 பதிப்பிலிருந்து ஃபான்ட் பெட்டியின் உள்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒரு படம் செய்தேன். அனுப்பும்போது படம் சுருங்கும், பார்க்கிறவர் பெரிதாக்கிப் பார்க்க மாட்டார், பாதிப் பேர் வெயிலில் நின்றுகொண்டு பார்ப்பார்கள். அதனால் அதில் பெயர்களை இன்னும் பெரிதாக்கி, பின்னணியில் இருந்த பூ டிசைனை எடுத்துவிட்டேன்.

தமிழ்ப் பக்கத்துக்கும் இதே மாதிரி ஓடுகிற எழுத்து வேண்டும் என்று தங்கை கேட்டாள். நியாயமான ஆசை. ஆனால் தமிழ் எழுத்து ஒட்டி ஓடுகிற எழுத்து அல்ல. எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்தது. அழுத்தினால் தடிக்கிற பேனாவின் தாளம் அதில் இல்லை. அதன் அழகு வேறு இடத்தில், அந்த வட்டங்களிலும் சுழிகளிலும் இருக்கிறது. சிலர் சாதாரணத் தமிழ் ஃபான்டை இடது பக்கமோ வலது பக்கமோ சாய்த்து அலங்காரம் என்கிறார்கள். வட்டமெல்லாம் நசுங்கி, 'ணை'யும் 'ழு'வும் நொண்டும். கையெழுத்துச் சாயல் வேண்டும் என்றால் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் இருக்கிறது. அது சாய்வாகவே பிறந்தது, செயற்கையாகச் சாய்த்ததில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். மென்மையான ஓரங்களோடு அரிமாவும் அங்கே உண்டு. தலைப்பில் இருக்கும் 'திருமண அழைப்பிதழ்' என்ற சொல்லுக்குக் கவிவாணரை வைத்தேன். மேட்டர் முழுக்க நேரான எழுத்து.

மேடைக்கு வைக்கிற பெயர்ப் பலகை கடைசியாக வந்தது. அங்கே கணக்கு மாறுகிறது. ஒன்றரை அடி உயரத்தில் எட்வர்டியனின் தலைமுடிக் கோடும் விரல் அகலத்துக்கு வந்துவிடும். ஃபிளெக்ஸில் அச்சடித்தால் உடையவும் வழியில்லை. சித்திக்குப் பிடித்ததும் அதுதானே. தெர்மாகோலில் வெட்டுவதாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், தூக்கி மாட்டும்போதே மெலிந்த இடத்தில் ஒடியும். நல்லவேளை, ஃபிளெக்ஸ் என்று முடிவானது. பெரிய 'ஜி'யில் தாத்தாவுக்கு இன்னும் சந்தேகம் இருந்ததால், பலகையில் பெயருக்குக் கீழேயே தமிழில் காயத்ரி என்றும் போட்டுவிட்டோம்.